விலைக்கு வாங்காதீர்கள், செய்யுங்கள்: இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல் படித்து, இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோவையில் தகட்டு வேலை செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறேன். வேலை கேட்டு வரும் புதுப் பட்டதாரிகளோடு ஒவ்வோர் ஆண்டும் உட்கார்ந்து பேசுகிறேன். அந்தப் பேச்சுகள் என் மனத்தில் ஏற்றிய சுமையை உங்களிடம்தான் இறக்கிவைக்க முடியும். உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

வருகிறவர்களின் கையில் தடித்த அட்டை போட்ட ப்ராஜெக்ட் அறிக்கை இருக்கிறது. அதில் வண்ணப் படங்கள், தகைவு வரைபடங்கள், கடைசியில் ஒரு புகைப்படம். நான் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. "இந்தப் பிராக்கெட்டை எத்தனை மி.மீ. தகட்டில் செய்தீர்கள்?" என்பேன். "மடிப்புக்கு எவ்வளவு கழித்தீர்கள்?" என்பேன். பதில் வராது. முகம் வாடும். கொஞ்ச நேரத்தில், "அது வெளியில கொடுத்து வாங்கினது சார்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பொய் சொல்லத் தெரியாத நல்ல பிள்ளைகள். நான்கு ஆண்டு படித்துவிட்டு, தன் பெயர் போட்ட ஒரு பொருளைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தலைகுனிந்து உட்கார வேண்டிய நிலை அவர்களுக்கு ஏன் வந்தது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட நான் வரவில்லை. கல்லூரி வாசலிலேயே, ப்ராஜெக்டைச் செய்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டரின் பலகை தொங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் லேத் இருந்தாலும் அதைத் தொட அனுமதி கிடைப்பதில்லை. அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயம் நிர்வாகத்துக்கு. வழிகாட்டி ஆசிரியருக்கு அறிக்கை நேரத்துக்கு வந்தால் போதும். வீட்டில் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறார்கள், பாஸ் ஆகிவிட வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கு. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அறிக்கையில் அச்சாவது உங்கள் பெயர். அடுத்த முப்பது ஆண்டுகள் அந்தப் படிப்பை வைத்துப் பிழைக்கப்போவதும் நீங்கள். அதனால்தான் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்காதீர்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஒரு கம்ப்யூட்டர் கேபினெட்டை நீங்களே வரைந்து, அலுமினியத் தகட்டில் நீங்களே செய்து, அதற்குள் ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் காட்டுங்கள்.

"போயும் போயும் ஒரு டப்பாவா?" என்று கேட்பீர்கள். ஆமாம், டப்பாதான். ஆனால் ஏமாற்ற இடம் கொடுக்காத டப்பா. சூரிய ஒளியில் ஓடும் கலப்பை, தானாக நகரும் சக்கர நாற்காலி என்றெல்லாம் தலைப்பு வைத்தால், பாதி வேலை செய்தாலும் பேசிச் சமாளித்துவிடலாம். கேபினெட்டில் அது நடக்காது. உள்ளே போக வேண்டிய மதர்போர்டின் அளவை உலகம் முழுவதற்கும் பொதுவாக முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு 305 × 244 மி.மீ. 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170 மி.மீ. சதுரம். அதில் நான்கு திருகுத் துளைகள் உண்டு. அந்த நான்கும் சரியான செவ்வகமாக அமைவதில்லை, ஒரு துளை தள்ளி நிற்கும். பின்பக்கம் யுஎஸ்பி, நெட்வொர்க் செருகிகள் வெளியே வரும் திறப்பு 158.75 × 44.45 மி.மீ. அட்டைகள் செருகும் இடங்களுக்கு இடையே 20.32 மி.மீ. 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகளுக்கு நடுவே 105 மி.மீ. சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகைப் பவர் சப்ளை 125 × 63.5 × 100 மி.மீ. இவற்றில் எதையும் உங்கள் வசதிக்கு மாற்ற முடியாது. துளை ஒரு மி.மீ. தள்ளிப் போனால் திருகு இறங்காது. வாய்மொழித் தேர்வில் யார் எவ்வளவு பேசினாலும் அந்தத் திருகு இறங்காது.

அதே சமயம் இது உங்களால் செய்து முடிக்கக்கூடிய வேலை. முதலாண்டுப் பயிற்சிக்கூடத்தில் தகரத்தை விரித்து வரைந்து, வெட்டி, மடித்து ஒரு டிரேயும் புனலும் செய்தீர்களே, நினைவிருக்கிறதா? கேபினெட்டின் அடிப்படை அதேதான். அன்றைக்குப் பத்து மதிப்பெண்ணுக்காகச் செய்து மறந்துவிட்டதை, இப்போது நான்கு ஆண்டுப் பாடத்தையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு முறை செய்யச் சொல்கிறேன்.

இரும்புத் தகட்டை விட்டுவிட்டு ஏன் அலுமினியம் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். அதைப் போட்டுப் பாருங்கள். 1 மி.மீ. எஃகுத் தகட்டின் விறைப்பைப் பெற அலுமினியத்தில் சுமார் 1.4 மி.மீ. போதும், எடையோ பாதியாகிவிடும். 1.6 அல்லது 2 மி.மீ. போட்டால் கையில் எடுக்கும்போதே உறுதி தெரியும். துருப் பிடிக்காது. கையால் அறுக்கலாம், அரத்தால் ராவலாம், சாதாரண டிரில்லால் துளை போடலாம். மாணவர்கள் கையில் கொடுக்க இதைவிட இணக்கமான உலோகம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் உள்ளே இருப்பது குளிர்ந்துவிடும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஹீட் டிரான்ஸ்ஃபர் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 2 மி.மீ. தகட்டின் வெப்பத் தடையையும், அதன் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தின் தடையையும் ஒப்பிடுங்கள். காற்றின் தடை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக வரும். சுவர் எஃகாக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வித்தியாசமே தெரியாது. பிராசசரின் சூட்டை ஹீட் பைப் வழியாகச் சுவருக்கே நேராகக் கொண்டுவந்தால்தான் அலுமினியத்தின் கடத்துதிறன் பயன்படும். விசிறி இல்லாத சில கேபினெட்டுகளைப் பக்கச் சுவர் முழுக்கத் துடுப்புகளோடு அப்படித்தான் செய்கிறார்கள்.

மற்ற கேபினெட்டுகளில் சூட்டை வெளியே கொண்டுபோவது காற்று. உள்ளே 300 வாட் சூடு பிறக்கிறது, காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று வைத்துக்கொண்டால் நொடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். ஒரு நல்ல 120 மி.மீ. விசிறி தடையே இல்லாத இடத்தில் தள்ளுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு முன்னால் தூசி வலையும் துளைத் தகடும் வந்துவிட்டால் பாதியாகக்கூடக் குறையும். அப்படியானால் எத்தனை விசிறி, எந்தப் பக்கம், துளைப் பரப்பு எவ்வளவு? மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இருக்கிறவர் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தால், அது எங்கோ குளிர் நாட்டில் எழுதிய அறிக்கையை நகலெடுப்பதைவிட எத்தனை மேல்! இரண்டு வெப்பமானிகளை வைத்து அளந்து, கணக்கும் அளவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எழுதுங்கள். உங்களுக்குச் சொந்தமான ஒரு முடிவு அறிக்கையில் இருக்கும்.

அடுத்தது மடிப்பு. பட்டதாரிகளிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தகட்டை மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். நீளம் மாறாத கோடு ஒன்று இடையில் இருக்கும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த அதே நடு அச்சுதான், ஆனால் மடிப்பில் அது உள்பக்கமாக நகர்ந்துவிடும். 2 மி.மீ. தகட்டை 2 மி.மீ. உள் ஆரத்தில் 90 டிகிரி மடித்தால், நடு அச்சு தடிமனில் 0.4 பங்கு ஆழத்தில் இருக்கிறது என்று கொண்டால், வளைவின் நீளம் சுமார் 4.4 மி.மீ. ஆகவே ஒவ்வொரு மடிப்புக்கும் வெளி அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து 3.6 மி.மீ. கழிக்க வேண்டும். 100, 200, 100 என்ற வெளி அளவில் ஒரு 'ப' வடிவம் வேண்டுமானால் வெட்ட வேண்டிய தகடு 400 இல்லை, 392.8. இதைத் தெரியாமல் 400 என்று வெட்டினால் எங்கோ ஓரிடத்தில் 7 மி.மீ. கூடுதலாக வந்து நிற்கும், மூடி பொருந்தாது. அந்த 0.4 என்ற எண்ணும் பட்டறைக்குப் பட்டறை, தகட்டுக்குத் தகடு கொஞ்சம் மாறும். அதனால் முதலில் ஒரு சிறு துண்டை அளந்து வெட்டி, அதே மெஷினில் மடித்து, வெர்னியரில் அளந்து, உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு துண்டுத் தகட்டில் அரை மணி நேரத்தில் முடியும் சோதனை. இதைச் செய்தவருக்கு என் பட்டறையில் வேலை நிச்சயம்.

தகடு வாங்கும்போதும் படித்ததைப் பயன்படுத்துங்கள். கடைக்காரரிடம் "அலுமினியத் தகடு குடுங்க" என்று மட்டும் கேட்டால் இருப்பதைக் கொடுப்பார். 5052 ரகம் நன்றாக மடியும். 6061-ஐக் கடினமாக்கப்பட்ட டி6 நிலையில் வாங்கி, சிறிய ஆரத்தில் மடித்தால் மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். தடித்த பாளமாகக் கிடைக்கும் ஹெச்.ஈ.30 என்பது 6082. குடைந்தெடுக்கும் வேலைக்கு நல்லது, மடிக்க ஏற்றதில்லை. ஜன்னல் செய்கிறவர்களிடம் கிடைக்கும் எல் ஆங்கிளும் சதுரக் குழாயும் பெரும்பாலும் 6063. இந்த எண்களெல்லாம் உங்கள் உலோகவியல் பாடத்தில் அட்டவணையாக இருந்தவைதான். மடிப்புக் கோட்டில் ஒரு விரிசலைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த அட்டவணையை ஆயுளுக்கும் மறக்க மாட்டீர்கள்.

இனி பட்டறைக்கு வருகிறேன். குறிச்சி சிட்கோவிலும் அம்பத்தூரிலும் கிண்டியிலும் துவாக்குடியிலும் லேசர் வெட்டும் மெஷினும் தகட்டை மடிக்கும் பிரஸ் பிரேக்கும் வைத்திருக்கும் சிறு பட்டறைகள் நிறைய உண்டு. உங்கள் கல்லூரிப் பேருந்து தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறது. ஒரே ஒரு பீஸுக்காக உள்ளே போனால் விரட்டிவிடுவார்களோ என்று தயங்காதீர்கள். சில இடங்களில் மறுப்பார்கள்தான். ஆயிரம் பீஸ் ஆர்டர் ஓடும்போது ஒரு பீஸுக்காக மெஷினை நிறுத்துவது எங்களுக்கு நட்டம். ஆனால் டிஎக்ஸ்எஃப் கோப்பைச் சுத்தமாக, இரட்டைக் கோடு இல்லாமல், மடிப்புக் கோட்டைத் தனி வண்ணத்தில் காட்டிக் கொண்டுவந்தால், மதிய இடைவேளையிலோ ஷிப்ட் மாறும் நேரத்திலோ முடித்துக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஓரத்தில் விழும் மிச்சத் தகட்டிலேயே சின்னச் சின்னப் பாகங்களை வெட்டித் தருவார்கள்.

அங்கே மெஷின் ஓட்டும் அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டி, "அண்ணா, இது மடிக்க வருமா?" என்று கேளுங்கள். அவர் ஒருவேளை எட்டாவது படித்தவராக இருக்கலாம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, மூணு பக்கமும் மடிச்சிட்டா நாலாவது பக்கம் மடிக்கறப்ப இது மெஷின்ல இடிக்குமுங்களே?" என்பார். கம்ப்யூட்டர் திரையில் எந்தச் சிவப்புக் கோடும் காட்டாத பிழை அது. "மடிப்புக்குப் பக்கத்துல ஓட்டை வெச்சிருக்கீங்க, இழுத்துக்கும். இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க" என்பார். "இந்த விளிம்பு எட்டு எம்எம்தான் இருக்குது, டையில உக்காராதுங்க" என்பார். 2 மி.மீ. தகட்டை மடிக்கும் கீழ் டையின் வாய் பெரும்பாலும் 16 மி.மீ. அகலம், விளிம்பு அதன் இரு ஓரங்களிலும் உட்கார வேண்டுமென்றால் 12 மி.மீ.யாவது வேண்டும். மூன்று வாக்கியங்களில் அவர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயம். அதைக் கேட்டு, வரைபடத்தைத் திருத்தி, மறுநாள் திரும்பப் போய் நில்லுங்கள். திருத்திக்கொண்டு வருகிற பையனை, பெண்ணை எந்தப் பட்டறையும் மறக்காது.

தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழுவில் நீங்கள் அறிக்கை டைப் செய்யுங்கள், பட்டறைக்குப் பையன்கள் போகட்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோவையின் பம்ப் கம்பெனிகளில் காயில் சுற்றுவதில் தொடங்கி அசெம்பிளி வரை பெண்கள் கைபட்டுத்தான் மோட்டார்கள் வெளியே போகின்றன. துளை போடுவதும் அரம் போடுவதும் உங்களால் முடியாத வேலைகள் இல்லை. துப்பட்டாவை இறுகக் கட்டி, தலைமுடியை உள்ளே மறைத்து, கண்ணாடி அணிந்து நில்லுங்கள். வேலை கேட்டு வரும்போது ஒர்க்‌ஷாப்பில் நின்ற பெண்ணுக்கும் நிற்காத பெண்ணுக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரிகிறது.

செலவு எங்கே என்று கேட்பீர்கள். ப்ராஜெக்ட் சென்டருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தில் தகடும் திருகும் வாங்கிவிடலாம். தகட்டைக் கிலோ கணக்கில்தான் எடை போடுவார்கள். 2 மி.மீ. அலுமினியம் ஒரு சதுர மீட்டர் 5.4 கிலோ. மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கான 15 லிட்டர் கேபினெட்டுக்கு வெளிச் சுவர்கள் அரை சதுர மீட்டருக்குள் அடங்கும். பிரஸ் பிரேக் கைக்கு எட்டவில்லையென்றால் மடிக்கவே வேண்டாம்: ஜன்னல் கடையில் எல் ஆங்கிள் வாங்கி அறுத்துச் சட்டமாக்கி, தட்டைத் தகடுகளைப் பாப் ரிவெட் அடித்துப் பொருத்துங்கள். அதுவும் முழுமையான வடிவமைப்புத்தான். அளவு பார்க்கப் புதிய மதர்போர்டும் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில், உங்கள் ஊர் சர்வீஸ் கடையில், செத்துப்போன போர்டு ஒன்று கேட்டால் கிடைக்கும். முதலில் அட்டையில் முழு அளவில் ஒரு மாதிரி செய்து அந்தப் போர்டை உள்ளே வைத்துப் பாருங்கள். கேபிள் திரும்ப இடம் இருக்கிறதா, திருப்புளி போக வழி இருக்கிறதா என்று அட்டையே சொல்லிவிடும்.

கைவேலையில் சில நுணுக்கங்களைச் சொல்லித் தருகிறேன். அலுமினியம் அரத்தின் பற்களில் ஒட்டிக்கொண்டு, அடுத்த இழுப்பில் தகட்டைக் கீறும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ராவினால் ஒட்டாது. எம்3 மரை போட 2.5 மி.மீ. துளை. டேப்பை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இறக்குங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். 2 மி.மீ. தகட்டில் நான்கு மரைதான் பிடிக்கும். அடிக்கடி கழற்றும் இடத்தில் அது நாளடைவில் தேய்ந்துவிடும், அங்கே ரிவெட் நட் வையுங்கள். துளை போடும்போது தகட்டை ஒரு மரப்பலகையோடு சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்; டிரில் மறுபக்கம் வெளியே வரும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும், கையால் பிடித்திருந்தால் விரல் போகும். டிரில் அருகே கையுறை போடக் கூடாது. வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும் பிசிரை எடுங்கள். லேசரில் துல்லியம் 0.1 மி.மீ. அளவுக்குக் கிடைக்கும், மடிப்பிலோ அரை மி.மீ. வரை நகரும் என்பதால், ஒரு மடிப்பைத் தாண்டிப் பொருந்த வேண்டிய துளைகளை நீள்துளையாக வையுங்கள். டாலரன்ஸ் பாடம் முழுவதும் அந்த நீள்துளைக்குள் இருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அனோடைசிங் செய்தால் கேபினெட் அழகாக இருக்கும். கந்தக அமிலத்தில் மின்சாரம் செலுத்தி, மேற்பரப்பையே ஆக்சைடாக்கி, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றும் முறை அது. ஆனால் அந்த ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. பவுடர் கோட்டிங்கும் கடத்தாது. பவர் சப்ளையின் உடல் எர்த்தோடு இணைந்தது. அது கேபினெட்டைத் தொடும் இடத்திலும், மதர்போர்டின் திருகுத் தாங்கிகள் நிற்கும் இடத்திலும், சுவரும் சுவரும் சேரும் இடத்திலும் பூச்சைச் சுரண்டி வெறும் உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் எர்த் முள்ளில் ஒரு முனையையும் ஒவ்வொரு சுவரிலும் மறுமுனையையும் வைத்துத் தொடர்ச்சி பாருங்கள். எல்லாச் சுவரும் சரி என்று தெரியும் வரை சுவிட்சைப் போடாதீர்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: வெறும் இரும்புத் திருகு உப்புக் காற்றில் துருப் பிடிக்கும், அலுமினியத்தையும் அரிக்கும், துத்தநாகம் பூசியதை வாங்குங்கள்.

"இதில் புதுமை என்ன இருக்கிறது?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். பயப்படாதீர்கள். இதே துறையில் உலகம் கவனித்த பொருள்களை உங்களைப் போன்ற ஆர்வலர்களே படைத்திருக்கிறார்கள். 2013இல் மக்களிடம் முன்பணம் திரட்டி வெளிவந்த என்கேஸ் எம்1 என்ற அலுமினியக் கேபினெட்டைப் பெரிய நிறுவனம் எதுவும் வடிவமைக்கவில்லை. பெரிய கிராஃபிக்ஸ் அட்டையை 12.6 லிட்டருக்குள் அடக்க விரும்பிய ஆர்வலர்கள் வரைந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த டான் ஏ4 அதையே 7.2 லிட்டருக்குக் குறைத்தது. இரண்டையும் தகட்டில் செய்து கொடுத்தது தைவானின் லியான் லி. வரைந்தவருக்குத் தகட்டின் குணம் தெரிந்திருந்தது. செய்தவருக்கு வரைபடத்தை மதிக்கத் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் நம் மண்ணில் இல்லையா? பம்புக்கும் ஜவுளி மெஷினுக்கும் காருக்கும் பாகம் செய்து கொடுக்கும் ஊரில், வரைகிறவரும் செய்கிறவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. நீங்கள் நான்கு ஆண்டு வகுப்பறையில் இருக்கிறீர்கள், நாங்கள் இரண்டு தெரு தள்ளி மெஷினோடு இருக்கிறோம். நடுவில் ப்ராஜெக்ட் சென்டர்காரர் வியாபாரம் செய்கிறார்.

ஆகவே கேள்வி கேட்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இந்த அளவுகளை நாங்கள் தேர்ந்தெடுத்த காரணம் இது, காற்றோட்டக் கணக்கு இது, அளந்த வெப்பநிலை இது, மடிப்புச் சோதனையில் எங்களுக்குக் கிடைத்த எண் இது. பொருந்தாமல் போன முதல் தகட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். அதை மேஜைமேல் வைத்து, எங்கே ஏன் தவறியது, இரண்டாவது தகட்டில் எப்படிச் சரிசெய்தோம் என்று காட்டுங்கள். பொறியியல் என்பது அந்த இரண்டு தகடுகளுக்கும் இடையில் நீங்கள் செய்த வேலைதான். தேர்வாளரும் ஒரு காலத்தில் அரம் பிடித்தவர்தான், அவருக்குப் புரியும்.

தம்பி தங்கைகளே, நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. தலைப்புப் படிவம் கொடுக்கும் நாளில், "மினி-ஐடிஎக்ஸ் கணினிக்கான அலுமினியக் கேபினெட்: வடிவமைப்பு, செய்முறை, வெப்பச் சோதனை" என்று எழுதிக் கொடுங்கள். அந்த வாரமே ஒரு செத்த போர்டும் ஒரு வெர்னியரும் வாங்கி அளக்கத் தொடங்குங்கள். மாத முடிவுக்குள் அட்டை மாதிரியை முடித்துவிட்டு, உங்கள் ஊரின் தகட்டுப் பட்டறை ஒன்றுக்குள் கால் வையுங்கள். மறுத்தால் அடுத்த பட்டறைக்குப் போங்கள். செய்து முடித்த பின் வரைபடங்களை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்கள் உங்கள் பிழையிலிருந்து தொடங்கட்டும். படிப்பு முடிந்து எங்களைப் போன்றவர்களிடம் வேலை கேட்டு வரும்போது அறிக்கையைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
கோவைத் தகட்டுப் பட்டறை ஒன்றிலிருந்து உங்கள் அண்ணன்